ஏழாம் லயத்தின் கார்டு

நான் வேலை பார்த்த சுப்பர் மார்க்கெட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் போன மாதம் வீடு தேடி வந்தார்கள். ஹட்டன் கிளையைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம்.

"அங்கிள், நீங்க பழைய ஆளு. அந்தக் காலத்துல கஸ்டமர எப்படி அறிஞ்சு வச்சிருந்தீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க."

தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: 'வாடிக்கையாளரை அறிவோம்.' தருகிறேன் என்று சொல்லி, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். எழுதியது இதுதான். அவர்கள் இதைப் போடமாட்டார்கள் என்று எழுதும்போதே தெரிந்துவிட்டது. ஆகவே வேறு இடத்துக்கு அனுப்புகிறேன்.

கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு புறக்கோட்டையில் மூட்டை தூக்கினேன். பொல்பிட்டியவில் மின்நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டேன். நுவரெலியாவிலிருந்து மரக்கறி லொறியில் கிளீனராகப் போனேன். ஓரிடத்தில் ஒரு வருடம் இருந்தால் எனக்குக் கால் நிற்காது. பசியோடு படுத்த நாட்கள் உண்டு; அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னைப் போல நிறையப் பேர் படுத்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலசரக்குக் கடையில் சேர்ந்தேன். அந்த முதலாளியை உத்தமர் என்று சொல்லமாட்டேன். சம்பளக் கிழமை வந்தால் பருப்பின் விலை தானாக ஏறும். தராசில் அவருடைய சுண்டுவிரல் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எந்த லயத்தில் எத்தனை வாய், யார் குடிக்கிறான், எந்த வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அது அவருடைய மண்டைக்குள் இருந்தது. ஒருமுறை ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து, தன் தோட்டத்து ஆட்கள் என்னென்ன வாங்குகிறார்கள் என்று துருவினார். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சாமான் விக்கிறப்போ நான் மூஞ்சியப் பாக்கிறதில்லீங்க" என்றார். இத்தனைக்கும் அந்தக் கணக்கப்பிள்ளையின் மூஞ்சியைப் பார்த்துத்தான் அவருக்கு ஒரு பைக்கட் பிஸ்கட் இனாமாகக் கொடுத்தனுப்பினார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஹட்டனுக்கு சுப்பர் மார்க்கெட் வந்தது. கண்ணாடிக் கதவு, தள்ளுவண்டி, வெள்ளை லைட். முதலாளியின் கடை படுத்துவிட்டது. நான் எதிரே போய்ச் சேர்ந்துகொண்டேன். தமிழும் சிங்களமும் பேசுவேன், தோட்டத்து ஆட்களைத் தெரியும் என்பதால் எடுத்தார்கள். கொஞ்ச நாளில் என்னைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்காரவைத்தார்கள். வருகிறவர்களுக்கு 'உறவு கார்டு' எழுதிக் கொடுப்பது என் வேலை.

அந்த வேலையைச் சரியாகச் சொல்ல வேண்டும். முதலில் பெயர். பிறகு அடையாள அட்டை இலக்கம், பிறந்த தேதி, விலாசம், டெலிபோன் இருந்தால் அது. வீட்டில் எத்தனை பேர், பால் குடிக்கும் பிள்ளை உண்டா, எந்தத் தொழில், சம்பளம் வாரத்துக்கா மாதத்துக்கா. கடைசியில் கையெழுத்து, கையெழுத்து இல்லாதவர்களுக்குப் பெருவிரல். பாரத்தின் அடியில் எறும்பு ஊர்ந்தது போலச் சின்ன எழுத்தில் ஆங்கிலம். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது.

"இதெல்லாம் எதுக்குங்க? கேஸ் கீஸ் போடப் போறீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"இல்லீங்க. சாமான் வாங்குறப்போ புள்ளி சேரும். புள்ளிக்கு சாமான் தருவாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

சும்மா என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

எங்கள் மனேஜர் பெயர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மடிப்புக் கலையாத சட்டை. கடைக்குள் நடக்கும்போது அலமாரியில் கோணலாக நிற்கும் டின் ஒவ்வொன்றையும் ஒற்றை விரலால் திருப்பிப் பெயர் முன்னால் தெரியும்படி வைத்துக்கொண்டே போவார். எந்தக் கார்டில் என்ன சாமான் விழுந்தது என்று மாதம் ஒருமுறை கொழும்புத் தலைமையகத்திலிருந்து கம்பியூட்டர் தாள்கள் கட்டாக வரும். கதவைச் சாத்திவிட்டுச் சிவப்புப் பேனையோடு உட்காருவார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு வேண்டியதில்லை.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பெயரைக் காட்டினார்.

"ஐசே, இந்த மனிசி வெளிநாடு போட்டுது போல கிடக்கு."

நான் திகைத்துப்போனேன். அது உண்மை. அந்தப் பெண் சவூதிக்குப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"எப்படிங்க சார் தெரியும்?"

"பாரும். மூண்டு மாசமா பேட் இல்லை, முகப் பவுடர் இல்லை, கருவாடு இல்லை. பாணும் பிஸ்கற்றும் கூடிப்போச்சு. சவர பிளேட் மட்டும் அதே கணக்கு. வீட்டில இப்ப ஆம்பிளையும் பிள்ளையளும்தான்." பேனையை மூடினார். "தகவல்தான் ஐசே இப்ப யாவாரம்."

போய் மூன்று மாதம் என்று கணக்கிட்டது மட்டும் பிசகு. ஏஜென்சிக்குக் கட்டப் பணம் சேர்க்கும்போதே அந்தப் பெண் தனக்கு வாங்குவதை நிறுத்தியிருக்கிறாள். அது அவருடைய தாளில் இல்லை. அடுத்த கிழமை பாண் தட்டுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் பேசும் டெலிபோன் கார்டைத் தொங்கவிட்டார். நன்றாக விற்றது. தாயைப் பிரிந்த பிள்ளைகள் எந்த அலமாரிக்கு முன்னால் நிற்பார்கள் என்று தெரிந்துகொண்டு அங்கே கொக்கி மாட்டுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சலுகை விலைகளும் அப்படித்தான். கோதுமை மாவுக்கு விலைக்குறைப்பு என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். தோட்டத்துச் சம்பள நாளுக்கு முதல்நாள் மாலை அந்த அட்டையைக் கழற்றச் சொல்லி உத்தரவு வரும். பழைய முதலாளியின் சுண்டுவிரலை நினைத்துக்கொள்வேன். அந்த விரலையாவது கண்ணால் பார்க்க முடிந்தது.

இப்போது பூரணத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான்.

பூரணம் ஒரு கொழுந்து பறிக்கும் பெண். ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, இன்னும் மலையேற வேண்டிய தோட்டம். அங்கே ஏழாம் லயத்தில் இருந்தார். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றைக் காம்பராக்கள். காம்பராவுக்கு ஒரு குடும்பம். டவுனுக்கு எல்லோரும் வந்தால் எல்லோருக்கும் பஸ் கூலி, எல்லோருக்கும் அரைநாள் போகும். அதனால் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு ஒருவர் இறங்குவார். மற்றவர்கள் காசையும் சாமான் பேரையும் அவரிடம் சொல்லிவிடுவார்கள். ஏழாம் லயத்துக்கு அது பூரணம். எழுதிக்கொண்டு வரமாட்டார். எல்லாம் மனப்பாடம். "கடைசி காம்பராவுக்கு நீல சோப்பு, வெள்ளை வேணாம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வண்டியைத் தள்ளுவார்.

கார்டும் அவர் பெயரில் ஒன்றுதான். லயம் முழுவதற்கும் சேர்த்து ஒரு கார்டு. இதைக் கொழும்பில் இருந்தவர்களால் கற்பனை செய்ய முடியாது. அவர்களுக்கு ஒரு கார்டு என்றால் ஒரு வீடு, ஒரு சமையல்.

சேர்ந்த புள்ளிகளுக்குப் பூரணம் எப்போதும் ஒரே சாமானைத்தான் எடுப்பார். பெரிய ஆட்களுக்குக் கட்டும் பேம்பர்ஸ், மாதம் ஒரு பைக்கட். அதைச் சாக்கின் அடியில் வைத்து, மேலே மாவைப் போட்டு மூடுவார். வீட்டில் படுக்கையில் கிடக்கும் யாருக்கோ என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

அந்தத் தோட்டத்துக்குள் ஒரு கடை இருந்தது. தோட்டத்திடம் குத்தகைக்கு எடுத்து நடத்திவந்தவர், வியாபாரம் குறைந்துபோனதும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போய், பூரணம் தன் காம்பராவில் திருட்டுக் கடை நடத்துகிறாள் என்று சொல்லியிருக்கிறார். காம்பராவில் கடை வைப்பது தோட்டத்துச் சட்டப்படி குற்றம். நிரூபித்தால் காம்பராவைப் பறிக்கலாம். காம்பரா போனால் வேலையும் போன மாதிரிதான்.

துரை எங்கள் கடையில் தங்கக் கார்டு வைத்திருந்தவர். அவர் டெலிபோனில் கேட்டார். சிவநேசன் பூரணத்தின் கார்டில் ஒரு வருடமாக விழுந்த சாமான்கள் அத்தனையையும் தாளில் இறக்கி, உறையில் போட்டு, அவருடைய டிரைவரிடம் கொடுத்துவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கிலோ சீனி நிறுத்துக் கொடுப்பது போலக் கொடுத்தார்.

துரை விசாரணைக்கு நாள் குறித்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு பூரணம் கடைக்கு வந்தார். வண்டியை எடுக்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, தொரை கையில இருக்கிற தாள்ல எல்லா சாமானும் இருக்கா?"

"இருக்கும்மா."

"புள்ளிக்கு எடுத்ததுமா?"

"அதுவும்தான்."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அது எங்க லயத்துல ஒரு பொண்ணுக்குண்ணே. கடைசிப் பிள்ள பொறந்ததுல இருந்து அதுக்கு ஒண்ணுக்கு நிக்கிறதில்ல. அதைக் கட்டிக்கிட்டுத்தான் கொழுந்தெடுக்க மலைக்குப் போகுது. அது புருஷனுக்கே சரியா தெரியாது. பொம்பளைங்க நாங்க பேசி, எல்லாரு புள்ளியையும் அதுக்கு விட்டுட்டோம். வெளிய தெரிஞ்சா நோயாளின்னு செக்ரோல்ல, வேலைப் பதிவுல இருந்து பேர வெட்டிருவாங்க. மூணு பிள்ளைங்கண்ணே."

"துரை கேட்டா என்ன சொல்லப் போற?"

"மத்த சாமானுக்கெல்லாம் ஆளு சொல்லுவேன். இதுக்கு வாயத் தெறக்க மாட்டேன். காம்பரா போனா போவட்டும்."

அன்று பின்னேரம் சிவநேசன் என்னைக் கூப்பிட்டார். டின் ஒன்றைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "அந்தத் தோட்டத்தில விசாரணையாம். எங்கட கடைத் தாள்தான் எண்டு சொல்ல ஓராள் வேணுமாம். நீர் போட்டு வாரும். கேட்டதுக்கு ஓம் எண்டு சொன்னால் சரி."

"ஏன் சார் குடுத்தீங்க?"

"நல்ல கஸ்டமர் கேட்டவர். குடுத்தனான். இதில என்ன?"

"நீங்க கொழும்புல ரூம் எடுத்து இருந்த கதைய எனக்குச் சொல்லியிருக்கீங்க சார். யாழ்ப்பாணத்து ஆளுன்னு வீட்டுக்காரர் உங்க பேரைப் பொலீஸுக்கு எழுதிக் குடுத்தாரு, ராத்திரில பூட்ஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துருவேன்னு சொன்னீங்க. அந்த வீட்டுக்காரரும் இதில என்னன்னுதானே சார் நினைச்சிருப்பாரு?"

அவருடைய விரல் டின்னின் மேலேயே நின்றது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அது வேற, இது வேற. உமக்கு விளங்காது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். அன்றைக்கு மீதி டின்கள் கோணலாகவே நின்றன.

விசாரணை, காலைப் பெரட்டு முடிந்ததும் தோட்டத்து ஆபீஸ் முன்னால் நடந்தது. ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. ஏழாம் லயத்து ஆட்களை மட்டும் நிறுத்திவைத்திருந்தார்கள். பெண்கள் கூடையோடு நின்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் துரையின் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். லயத்தின் முதல் காம்பராவில் இருக்கும் வீராசாமி என்ற கிழவர், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வேலி ஓரத்தில் குந்தியிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. பொழுதுபோக வந்திருந்தார்.

துரை தாளை என் பக்கம் நீட்டினார். "இது ஒங்க கடை தாளா?"

"ஆமாங்க. ஆனா ஐயா..."

"ஆனா எல்லாம் வேணாம்."

"வாங்குன கை யாரோடதுன்னுதான் ஐயா அதுல இருக்கு. சாமான் யாருக்குன்னு அதுக்குத் தெரியாது."

"ஒன்னய அதக் கேக்கல. அங்கிட்டு நில்லு."

நின்றேன். துரை தாளைத் தட்டினார். "பூரணம், ஒரு காம்பராவுக்கு இத்தன மா, இத்தன சோப்பா? நீங்க திங்கிறீங்களா, குளிக்கிறீங்களா?"

"லயத்து சாமானுங்க ஐயா. எல்லாருக்கும் நான்தான் வாங்கியாறேன்."

"அப்ப ஆள காட்டு. இந்த நீல சோப்பு?"

"என்னுதுங்க" என்றது ஒரு குரல்.

"ஹோர்லிக்ஸ்?"

"எங்க மாமியாருக்குங்க. குடிச்சுப்பிட்டு என்னையத்தான் ஏசுது."

சிரிப்பு எழுந்தது. துரை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை உயர்ந்தது. தலைமயிருக்குப் போடும் கறுப்புச் சாயம் வந்தபோது எந்தக் கையும் உயரவில்லை. சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அது நம்மளுதுங்க."

"அடேயப்பா, தலைவரு முடி இம்புட்டு நாளா டின்னுலயா மொளைச்சுச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்க, துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. பூரணம் மட்டும் சிரிக்கவில்லை. தாளில் இன்னும் வாசிக்காதது எது என்று அவருக்குத் தெரியும்.

"இது என்னா? பெரிய ஆளுக்குக் கட்டுற பேம்பர்ஸ். மாசா மாசம் ஒண்ணு. யாருக்கு?"

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் யார் அந்தப் பெண் என்று என் கண் தேடப் பார்த்தது. நான் மலையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பூரணம், யாருக்கு?"

பூரணம் கூடைக் கயிற்றை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"இதுக்கு ஆளு இல்லன்னா மத்தது எல்லாம் பொய். சொல்லிக்குடுத்து கூட்டியாந்திருக்க. நீ கடைதான் வச்சிருக்க." துரை நிமிர்ந்து பெண்களைப் பார்த்தார். "இல்ல, வேலைக்கு வர்ற ஆளுல யாராவதா? அப்படின்னா டிஸ்பென்சரிக்கு அனுப்பிப் பாக்கணும். நோயாளி மலைக்குப் போக முடியாது."

பூரணம் கூடையை இறக்கித் தரையில் வைத்தார். அவர் காம்பராவை விட்டுக்கொடுக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"அது எனக்குங்க தொரை."

வேலி ஓரத்திலிருந்து வீராசாமி எழுந்துகொண்டிருந்தார். எழ நேரம் எடுத்தது.

"ஒனக்கா?"

"ஆமாங்க. ஸ்டோர்ல நின்னு நின்னு ஒடம்பு போயிருச்சுங்க. மூத்திரம் நம்ம பேச்சக் கேக்குறதில்ல. தொரைக்கும் வயசாகும்ங்க, அப்பத் தெரியும்."

"இத்தன நேரம் ஏன் சொல்லல?"

"வெக்கமா இருக்காதுங்களா? இத்தன பொம்பளைங்க மத்தியில. நம்பிக்கை இல்லன்னா வேட்டிய அவுத்துக் காட்டவாங்க?" கை முடிச்சுக்குப் போனது.

"சீ, வேணாம், வேணாம்!" துரை தாளை மடித்துவிட்டார்.

பூரணத்துக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். எதற்கு எச்சரிக்கை என்று யாரும் சொல்லவில்லை. நான் இறங்கி வரும்போது வீராசாமி பாதிவழிவரை கூட வந்தார். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றார்.

"ஏந் தம்பி, அந்த சாமான் எப்படி இருக்கும்? நான் கண்ணால பாத்ததில்ல."

"பின்ன எப்படிப் பெரியப்பா சொன்னீங்க?"

"பூரணம் மொகத்தப் பாத்தேன். பொம்பளைங்க அம்புட்டு பேரும் குனிஞ்சத பாத்தேன். வேற என்னா தெரியணும்?"

அடுத்த மாதம் பூரணத்தின் கார்டை முடக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. தனிக் குடும்பத்துக்குக் கொடுத்த கார்டைப் பலர் பாவித்தது குற்றமாம். சேர்ந்திருந்த புள்ளிகளும் போயின. ஊர் உலகத்துக்கு ஒரு பெண்ணின் சாமானை வாசித்துக் காட்டியது குற்றம் இல்லை. அதற்கு யாருக்கும் உத்தரவு வரவில்லை. அந்தத் தாளைக் கொடுத்ததற்காக ஒருவர் வந்து அந்த லயத்தில் மன்னிப்புக் கேட்கவுமில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். என்னைக் கார்டு மேசையிலிருந்து எடுத்துப் பின்பக்கம் பெட்டி உடைக்கப் போட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் இப்படி நடந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருப்பேன். இந்த முறை போகவில்லை. வீம்புக்கு இருந்தேன். வாழ்க்கையில் நான் அதிக காலம் இருந்த இடம் அதுதான்.

இருந்ததால் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது. கார்டு முடங்கிய அந்த மாதச் சம்பள ஞாயிற்றுக்கிழமை பூரணத்தோடு வீராசாமியும் வந்தார். வெளுத்த வேட்டி, கோட்டு. பைக்கட்டை நானே எடுத்துக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண்கள் சேர்த்துக் கொடுத்த காசை எண்ணிக் கட்டினார். காசாளர் பிள்ளை அதைப் பேப்பரில் சுற்றப் போனது.

"சுத்த வேணாம் புள்ள. அப்படியே குடு."

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படம் வெளியே தெரிய, கடைத்தெரு வழியாக பஸ் நிலையத்துக்கு நடந்தார். தோட்டத்துக் கடைக்காரர் எதிரே வந்தபோது நின்று சுகம் விசாரித்தார். பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏழாம் லயத்து வீராசாமிக்கு அந்த வியாதி என்று ஹட்டன் முழுக்கத் தெரிந்துபோனது. பையன்கள் கேலி செய்தார்கள். அவர் திருப்பிக் கேலி செய்தார். மாதம் தவறாமல் வந்தார். சாகும்வரை வந்தார்.

வாடிக்கையாளரை அறிவோம் என்று தலைப்புக் கொண்டுவந்த பிள்ளைகளே, அந்தப் பெண் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் பூரணம் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

வீராசாமியின் சாவுக்குப் போய்வந்தேன். அதற்கு அடுத்த சம்பள ஞாயிறு, பின்பக்கம் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தவன் முன்னால் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பூரணத்துக்குப் பக்கத்தில், நான் முன்பின் பார்க்காத இன்னொரு கிழவர், கைத்தடியோடு நின்றார். காசாளர் பிள்ளையிடம் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"ஏம்மா, நம்ம வீராசாமி வாங்குவாருல்ல, அந்த சாமான் எங்கிட்டு இருக்கு?"

"அங்கால தாத்தா. ஒங்ககிட்ட கார்டு இருக்கா?"

"கார்டு இல்ல புள்ள" என்றார் அவர். "ஆளு வந்திருக்கேன்ல."